எஃப்எஸ்க்யூசிஏ: கூட்டுக் காரணங்களை ஆராய ஓர் இலவச மென்பொருள்

ஒரு கணினி அமைப்பு ஒரு நிறுவனத்தில் ஏன் நிலைத்துவிடுகிறது, பக்கத்து நிறுவனத்தில் ஏன் கைவிடப்படுகிறது என்ற கேள்வியோடு வரும் ஆய்வு மாணவர்களில் பெரும்பாலோர் ரெக்ரஷன் என்னும் புள்ளியியல் முறையையே நாடுகிறார்கள். அது ஒவ்வொரு காரணிக்கும் மற்றவற்றிலிருந்து பிரித்தெடுத்த தனிப் பங்கைக் கணக்கிட்டுத் தரும். ஆனால் காரணிகள் சேர்ந்து மட்டுமே வேலை செய்யும் இடங்களில் இந்தத் தனிப் பங்கு அதிகம் சொல்வதில்லை. சமூகவியலாளர் சார்லஸ் ரேகின் 1987இல் நூலாக முன்வைத்த க்யூசிஏ (Qualitative Comparative Analysis) என்னும் ஒப்பீட்டு முறை இந்த இடத்திற்கென்றே உருவானது. அவரும் ஷான் டேவியும் உருவாக்கி இலவசமாக வழங்கும் எஃப்எஸ்க்யூசிஏ மென்பொருளை, சென்னையில் தகவல் அமைப்புத் துறையில் ஆய்வு செய்வோரை மனத்தில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு உற்பத்திக் கூடங்களில், கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நிர்வகிக்கும் இஆர்பி மென்பொருள் அன்றாடப் பயன்பாட்டிற்கு வந்ததா என்று ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். பொருள் வாங்கும் கார் நிறுவனத்தின் கட்டாயமும் பயிற்சி பெற்ற கணக்காளரும் சேர்ந்தால் ஒரு கூடத்தில் அது நிலைக்கலாம். கட்டாயமே இல்லாத இன்னொரு கூடத்தில் முதலாளியின் சொந்த ஆர்வமும், கூப்பிட்ட குரலுக்கு வரும் சர்வீஸ் ஆளும் சேர்ந்து அதே விளைவைத் தரலாம். ஒரே விளைவுக்குப் பல வழிகள் உண்டு என்பதும், தோல்விக்கான காரணம் வெற்றிக்கான காரணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது அல்ல என்பதும் இம்முறையின் அடிப்படைகள். தகவல் அமைப்புத் துறையில் 2010இல் எல் சாவியும் உடன் எழுதியோரும் 'இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ரிசர்ச்' இதழில் இந்தப் பார்வையை வலியுறுத்தினார்கள். அதன்பின் பார்க், எல் சாவி, ஃபிஸ் ஆகியோர் 2017இல் நிறுவனங்களின் விரைந்து மாறும் திறனை இதே முறையில் ஆராய்ந்தார்கள்.

மென்பொருள் சிறியது, விண்டோஸ், மேக் இரண்டிலும் இயங்கும், தரவை சிஎஸ்வி கோப்பாகக் கொடுத்தால் போதும். நிரல் எழுதத் தெரியாதவரும் மெனுவைத் தேர்ந்தெடுத்தே முழுப் பகுப்பாய்வையும் முடித்துவிடலாம். உரிமக் கட்டணம் கட்ட வழியில்லாத கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஆய்வு வழிகாட்டிகள் அறிவார்கள்.

இந்த எளிமையே ஆபத்துக்கும் இடம் தருகிறது. பகுப்பாய்வின் உயிர்நிலை, மூலத் தரவை 0 முதல் 1 வரையிலான உறுப்பளவாக (ஒரு கூடம் ஒரு தன்மையை எந்த அளவுக்குக் கொண்டது என்று காட்டும் எண்ணாக) மாற்றும் அளவமைப்பில்தான் இருக்கிறது. முழு உறுப்பு, நடுப்புள்ளி, முழு விலகல் என்ற மூன்று எல்லைகளை நாம் கொடுத்தால், மென்பொருள் அவற்றை முறையே ஏறத்தாழ 0.95, 0.5, 0.05 என வைத்து மற்ற மதிப்புகளைக் கணக்கிடும். அந்த மூன்று எண்களை எங்கிருந்து எடுப்பது என்று அது சொல்லாது, சொல்லவும் முடியாது. 'பயிற்சி பெற்ற கணக்காளர்' என்றால் டாலியில் பில் போடத் தெரிந்தால் போதுமா, சரக்கு இருப்பையும் ஜிஎஸ்டி கணக்கையும் இணைத்துப் பார்க்கத் தெரிய வேண்டுமா என்பதைக் களத்தை அறிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். கூகுள் படிவத்தில் திரட்டிய பதில்களின் சராசரியை நடுப்புள்ளியாக வைத்துவிட்டு அதை அளவமைப்பு என்று எழுதும் ஆய்வேடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சராசரி என்பது நாம் திரட்டிய கூட்டத்தைப் பற்றிய செய்தி. ஒரு கூடம் உண்மையிலேயே பயிற்சி உள்ளதா என்பதைப் பற்றிய செய்தி அன்று. நடுப்புள்ளியில் சரியாக 0.5 பெறும் நேர்வு (அதாவது நாம் ஆராயும் ஒரு கூடம்), காரணிகளின் எல்லாச் சேர்க்கைகளையும் வரிசைகளாகக் காட்டும் மெய்யட்டவணையின் எந்த வரிசையிலும் சேராமல் விழுந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும், 0.001ஐக் கூட்டுவது வழக்கத்தில் உள்ள தீர்வு, நடுப்புள்ளியை யோசித்து வைப்பது அதைவிடச் சிறந்தது.

காரணிகளின் எண்ணிக்கையிலும் கட்டுப்பாடு வேண்டும். ஐந்து காரணிகளுக்கு மெய்யட்டவணையில் 32 வரிசைகள், எட்டுக்கு 256. நேர்வுகள் சில டஜன் மட்டுமே இருக்கும்போது பெரும்பாலான வரிசைகள் வெறுமையாகவே நிற்கும். அந்த வெற்று வரிசைகளை எப்படிக் கையாள்கிறோம் என்பதைப் பொறுத்து சிக்கலான, சுருக்கமான, இடைநிலை என்று மூன்று தீர்வுகளை, அதாவது விளைவுக்கு இட்டுச்செல்லும் காரணிச் சேர்க்கைகளின் பட்டியல்களை, மென்பொருள் தருகிறது. இடைநிலைத் தீர்வுக்கு முன் ஒவ்வொரு காரணியும் இருப்பது விளைவுக்கு உதவுமா, இல்லாதிருப்பது உதவுமா என்று நம்மிடம் கேட்கும். கேட்பது நன்று, அங்கே கோட்பாட்டு அறிவோடு பதில் தர வேண்டும். ஒரு வரிசையின் நேர்வுகள் எந்த அளவுக்கு ஒருமித்து விளைவைத் தருகின்றன என்பதே இசைவு; அதன் எல்லையாக மென்பொருள் முன்கூட்டியே காட்டும் 0.8ஐ அப்படியே ஏற்காமல், வரிசைகளின் இசைவு எந்த இடத்தில் சட்டென்று குறைகிறது என்று பார்ப்பதும், ஒரே சேர்க்கை விளைவுக்கும் அதன் இன்மைக்கும் ஒருசேரப் பொருந்துகிறதா என்று காட்டும் பிஆர்ஐ மதிப்பைச் சேர்த்துப் பார்ப்பதும் அவசியம். ஒவ்வொரு தீர்வுக்கும் பொருந்தும் நேர்வுகளைப் பட்டியலிட்டுக் காட்டுவதே எனக்கு மிகப் பிடித்த வசதி. அந்தப் பட்டியலோடு மறுபடி அம்பத்தூருக்குப் போய் அதே கூடங்களில் பேசிப் பார்க்கலாம்.

குறை என்று சொல்வதானால், மெனு வழியாகச் செய்த தேர்வுகளை வரிசையாக மறுபடி ஓட்டிக் காட்டும் நிரல் இதில் இல்லை. இதழின் மதிப்பீட்டாளர் ஓர் எல்லையை மாற்றிப் பார்க்கச் சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கையால் செய்ய வேண்டியிருக்கும். இங்கேதான் ஆட்ரியன் டூஷா உருவாக்கிய, ஆர் என்னும் நிரல்மொழியில் இயங்கும் க்யூசிஏ தொகுப்பு முந்துகிறது, அதுவும் இலவசமே. ஆர் பழக்கம் உள்ளவர்கள் நேராக அதற்கே போகலாம்.

முறையைப் புதிதாகக் கற்பவர்களுக்கும், இருபது முப்பது நிறுவனங்களை நேரில் அறிந்து ஆராய்பவர்களுக்கும் எஃப்எஸ்க்யூசிஏவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இதழுக்கு அனுப்பும் இறுதிக் கணக்கை மட்டும் ஆர் தொகுப்பில் மறுபடி செய்து, அந்த நிரலையும் கட்டுரையோடு இணைத்து அனுப்புங்கள்.