டாஷ்போர்டில் 90 சதவீதம், கடை போனில் திட்டு: சாட்பாட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் சின்னதாகக் கடையோ சர்வீஸோ நடத்துகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. வாட்ஸ்அப்பில் மெசேஜுக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் போட்டுத் தருகிறோம், அது எப்படி வேலை செய்கிறது என்று எண்களாகக் காட்டும் அனலிட்டிக்ஸ் டாஷ்போர்டும் தருகிறோம் என்று ஓஎம்ஆர் பக்கமிருந்து ஆட்கள் கடை கடையாக வந்து டெமோ காட்டுகிறார்கள். எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. எங்களிடம் வந்த கம்பெனி என்ன செய்தது, அது எந்தக் கணக்கில் வெளியே வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

எங்களுடையது ஆர்ஓ வாட்டர் ப்யூரிஃபையர் விற்பனையும் சர்வீஸும். வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் வட்டாரம். போர் தண்ணீர் ஒரே உப்பு, மிஷினுக்குள் உப்பை வடிகட்டும் மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், வெயில் காலம் வந்துவிட்டால் போன் ஓயாது. ஆபீஸில் போன் எடுக்க ஒரு பெண்தான், அவர் மூச்சு விடட்டும் என்றுதான் சாட்பாட் பக்கமே போனோம். டெமோவில் அவர்கள் தமிழில் கேள்வி தட்டினார்கள், அழகாகத் தமிழில் பதில் வந்தது. மாதா மாதம் ரிப்போர்ட் தருவோம், அதைப் பார்த்து சாட்பாட்டை மெருகேற்றிக்கொண்டே போவோம் என்றார்கள். செட்அப் கட்டணம் தனி, மாதச் சந்தா தனி, அதற்கு மேல் உரையாடலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாத ரிப்போர்ட்டிலிருந்தே தீர்வு விகிதம், அதாவது பிரச்சினை தீர்ந்ததாகக் கணக்குக் காட்டும் உரையாடல்களின் பங்கு, 90 சதவீதத்துக்கு மேல். முதல் பதில் தரும் நேரம் 2 விநாடி. வாடிக்கையாளர் மதிப்பெண் 5க்கு 4.6. பச்சைப் பச்சையாக வட்டங்கள். ஆனால் கடை போன் குறையவே இல்லை, வந்த போன்களில் திட்டுதான் கூடியிருந்தது. மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா, "தம்பி, மிஷின்ல தண்ணி வரலன்னு எத்தனை தடவை மெசேஜ் போடறது, அது பாட்டுக்கு புது மாடல் விலையெல்லாம் அனுப்புது" என்றார். அவருடைய நம்பரை வைத்து டாஷ்போர்டில் தேடச் சொன்னேன். அவர் போட்ட ஒவ்வொரு மெசேஜும் 'தீர்க்கப்பட்டது' என்று இருந்தது.

அந்த கம்பெனியில் எங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பையனைக் கூப்பிட்டு இது எப்படித் தீர்வு ஆகும் என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்காமல், "சார், கஸ்டமர் அதுக்கப்புறம் எதுவும் கேக்கலைன்னா பிரச்சினை முடிஞ்சுதுன்னுதானே சார் அர்த்தம்?" என்றான்.

இதுதான் மொத்தக் கூத்தும். ஆளிடம் போகாமல் சாட்பாட்டோடேயே நின்றுபோன உரையாடல் ஒன்று, வாடிக்கையாளரின் வேலை நிஜமாகவே முடிந்த உரையாடல் இன்னொன்று. ரெண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். வெறுத்துப்போய் போனைக் கீழே வைத்தவரும் சந்தோஷமாகப் போனவரும் முதல் கணக்கில் ஒன்றாகத்தான் விழுவார்கள். பரீட்சை எழுதியவனே பேப்பரையும் திருத்தினால் மார்க் எப்படி வரும்?

மூலத் தரவைக் கொடுங்கள் என்று கேட்டால் பிடிஎஃப்பில் வண்ணப் படங்களாக அனுப்பினார்கள். உரையாடல் வரிவரியாக வேண்டும், நேரத்தோடு வேண்டும் என்று விடாமல் கேட்ட பிறகு, அதுவும் சந்தாவை நிறுத்தப்போகிறேன் என்ற பிறகுதான், ஒரு மாதத்துக்கான சிஎஸ்வி ஃபைல் (எக்ஸெல்லில் திறக்கக்கூடிய தரவு ஃபைல்) வந்தது. என் அக்கா பையன் காலேஜில் படிக்கிறான், அவனும் நானும் உட்கார்ந்து எக்ஸெல்லில் போட்டோம். பெரிய வித்தையெல்லாம் இல்லை. போன் நம்பர் வாரியாக அடுக்கி, அதற்குள் நேர வாரியாக அடுக்கினோம், அவ்வளவுதான்.

ஒரே ஆள் காலையில் ஒரு மெசேஜ், அரைமணி கழித்து ஒன்று, சாயங்காலம் கோபத்தோடு ஒன்று என்று போட்டிருக்கிறார். டாஷ்போர்டில் அது மூன்று உரையாடல், மூன்று தீர்வு. ஏன் என்றால் பத்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால் உரையாடலை மூடிவிடுகிற மாதிரி வைத்திருந்தார்கள். பில் உரையாடல் கணக்கில் என்று சொன்னேன் இல்லையா? ஆக, பதில் கிடைக்காமல் ஒருவர் எத்தனை முறை திரும்பி வருகிறாரோ அத்தனை முறை அவர்களுக்கு வருமானம், அத்தனை முறை தீர்வு விகிதமும் ஏறும். அதே நம்பர் ஒன்றிரண்டு நாளுக்குள் அதே விஷயத்துக்குத் திரும்பி வந்தால் முதல் தடவை தீரவில்லை என்று வைத்துத்தான் நாங்கள் மறுபடி எண்ணினோம். 90 இருந்த இடத்தில் பாதிகூடத் தேறவில்லை.

2 விநாடி பதில் என்னவென்றால், சாட்பாட் சொல்லும் 'வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்'. அதையும் பதில் என்று எண்ணியிருக்கிறார்கள். 4.6 மதிப்பெண் கதை இன்னும் அழகு. உரையாடல் ஒழுங்காகக் கடைசிப் படி வரைக்கும் போனால் மட்டும்தான் நட்சத்திரம் கேட்கும். நடுவில் கடுப்பாகி விட்டுவிட்டுப் போனவரிடம் கேட்கவே கேட்காது. எத்தனை பேரிடம் கேட்டு எத்தனை பேர் போட்டார்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. நட்சத்திரம் போட்ட நம்பர்களில் சில எங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலேயே இல்லை, அதில் ஒன்று டெமோ காட்ட வந்தவருடைய நம்பர்.

நடுவில் ஒரு மாதம் 'புரியவில்லை' என்ற பதில் பெருமளவு குறைந்துவிட்டது என்று தனியாக மெயில் போட்டுக் கொண்டாடியிருந்தார்கள். இந்த இடத்தைத்தான் தொழில் தெரியாதவர்கள் கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் விரித்துச் சொல்கிறேன். வருகிற மெசேஜ் எந்த வகைக் கேள்வி என்று இந்த மாதிரி சாட்பாட் ஊகிக்கும், கூடவே தனக்கு எவ்வளவு உறுதி என்று ஒரு எண்ணும் போட்டுக்கொள்ளும். அந்த எண் ஒரு வரம்புக்குக் கீழே போனால் 'புரியவில்லை' என்று சொல்லும். வரம்பை இறக்கிவிட்டால் போதும், புரியாதபோதும் ஏதோ ஒரு பதிலை அடித்துவிடும். 'புரியவில்லை' குறையும், தப்பான பதில் கூடும். தப்பான பதிலை எண்ணுவதற்கு டாஷ்போர்டில் வட்டம் கிடையாது. ஒருவர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 500க்கு மேல் காட்டுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். சாட்பாட் 500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஃபில்டர்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. படித்துவிட்டு அக்கா பையன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொருவரிடம் மெம்பரேன் வாரண்டியில் இலவசம் என்று சொல்லியிருக்கிறது. வாரண்டியில் மெம்பரேன் சேராது. ஆனாலும் மாற்றிக் கொடுத்தோம், ஏனென்றால் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை சொன்னது நாங்கள்தான். 2024 பிப்ரவரியில் கனடாவில் ஏர் கனடா இதே வாதத்தில் தோற்றது. நெருங்கிய உறவினர் இறந்தால் தரும் கட்டணச் சலுகை பற்றி அவர்கள் சாட்பாட் ஒரு பயணிக்குத் தப்பாகச் சொல்லிவிட்டது, சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற மாதிரி கம்பெனி வாதாடியது, பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் ஏற்கவில்லை, பணம் கொடுக்கச் சொன்னது. உங்கள் சாட்பாட் உளறினால் செலவு உங்களுக்குத்தான், விற்றவனுக்கு இல்லை.

தமிழ் தெரிந்த சாட்பாட் என்றார்களே, அதையும் பார்த்தோம். தமிழ் எழுத்தில் தட்டினால் தெரியும். நம் ஊரில் யார் தமிழ் எழுத்தில் தட்டுகிறார்கள்? முக்கால்வாசிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிக்கிறார்கள். தண்ணி என்பதையே h போட்டும் போடாமலும், ஒரு n போட்டும் ரெண்டு n போட்டும் எழுதுவார்கள். டெமோவில் இந்த மாதிரி ஒரு வரிகூட அவர்கள் அடித்துக் காட்டவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. டெமோ பார்க்கிறவர்கள் உங்கள் பழைய வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் நிஜமாக அனுப்பிய மெசேஜ்களை எடுத்து, அப்படியே காப்பி செய்து போட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த ஃபைலால் ஒரு நல்லதும் நடந்தது. ஒவ்வொருவரும் முதலில் அனுப்பிய மெசேஜை மட்டும் தனியாகப் பிரித்து ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தோம். முதலிடம் 'ஆள் எப்ப வருவாரு'. மாடல் விலை கேட்டவர்கள் கொஞ்சம்தான். அவர்கள் செய்து கொடுத்ததோ முழுக்க மாடல், விலை, ஆஃபர். ஆள் எப்போது வருவார் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை! மனிதரிடம் பேசும் வழியும் மூன்று மெனுவுக்கு அடியில் ஒளிந்திருந்தது, வெளியே இருந்தால் அவர்கள் சதவீதம் இறங்கிவிடும் அல்லவா. இப்போது நாங்கள் காலையிலேயே அன்றைக்குப் போகும் வீடுகளுக்கு டெக்னீஷியன் பெயரும் நேரமும் அனுப்பிவிடுகிறோம். அதற்கே போன் நன்றாகக் குறைந்திருக்கிறது.

பில்லிலும் ஒரு வரியைக் கவனியுங்கள், 'மெட்டா கட்டணம்'. மெட்டா என்பது வாட்ஸ்அப்பை நடத்தும் கம்பெனி. வாடிக்கையாளர் மெசேஜ் அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நாம் சாதாரணமாகத் தரும் பதிலுக்கு 2024 நவம்பரிலிருந்து மெட்டா காசு வாங்குவதில்லை. 2025 ஜூலையிலிருந்து டெம்ப்ளேட் மெசேஜுக்கு (முன்கூட்டியே எழுதி மெட்டாவிடம் ஒப்புதல் வாங்கி அனுப்பும் மெசேஜ்) மெசேஜ் வாரியாகத்தான் கட்டணம். எங்களுக்கோ எல்லா உரையாடலுக்கும் அந்த வரியில் தொகை போட்டு அனுப்பியிருந்தார்கள். தங்கள் சேவைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கட்டும், அது அவர்கள் விலை. மெட்டா வாங்காததை மெட்டா பெயரில் வாங்குவதற்கு வேறு பெயர் உண்டு.

விலகுகிறோம் என்றதும் அடுத்த பிரச்சினை. வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கை அவர்களுடைய மெட்டா கணக்குக்குக் கீழேதான் திறந்திருந்தார்கள். நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமென்றால் அதிலுள்ள இரண்டு கட்டப் பாதுகாப்பை எடுக்க வேண்டும், அதற்கான பின் நம்பர் (PIN) அவர்கள் கையில். வாடிக்கையாளர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிற நம்பர் அது. பாக்கி கட்டினால்தான் விடுவோம் என்கிறார்கள். கணக்கை உங்கள் பெயரில், உங்கள் லாகினில் திறந்து, அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். உரையாடல் முழுவதையும் எப்போது கேட்டாலும் சிஎஸ்வியாகத் தர வேண்டும், 'தீர்வு' என்றால் என்ன என்பது இன்னதுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மழுப்பினால் அங்கேயே எழுந்துவிடலாம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று நிறையப் பேர் சொன்னார்கள். பாரிமுனையில் வக்கீலைப் பார்த்தேன். 2019 சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கினால் மட்டும் விலக்கு உண்டு, உங்களிடம் சம்பளத்துக்கு ஆள் இருப்பதால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வழக்கு என்றால் பெங்களூரு நீதிமன்றம் மட்டும் என்று வேறு இருக்கிறது. சென்னைக்காரனும் சென்னைக்காரனும் சண்டை போட பெங்களூரு எதற்கு என்று புரியவில்லை. இப்போதைக்கு நோட்டீஸோடு நிற்கிறது, பின் நம்பர் இன்னும் வரவில்லை.

நாங்கள் எண்ணிய அந்த எக்ஸெல் தாளை வாடிக்கையாளர் விவரமெல்லாம் எடுத்துவிட்டு ஃபார்முலாவோடு வைத்திருக்கிறேன். ஏற்கெனவே இந்த மாதிரி சாட்பாட் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். உங்கள் ஒரு மாத ஃபைலை அதில் போட்டால், ஒரே நம்பர் எத்தனை தடவை திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.