உதவிக்கு என்ன விலை? மூன்று ரோல்பிளேயிங் ஆட்டங்களின் கூட்டுச்செயல் விதிகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஒருவர் பூட்டைத் திறக்க முயலும்போது, பக்கத்தில் இருப்பவர் "நானும் உதவுகிறேன்" என்பார். அந்தச் சொல்லுக்கு விதிப்புத்தகம் என்ன பலன் தருகிறது, சொன்னவரிடம் என்ன கேட்கிறது என்பதில்தான் ஆட்டங்கள் வேறுபடுகின்றன.

2014இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், உதவி பெற்றவர் இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்கிறார். 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிறது. புதியவருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஆனால் சண்டைக்கு வெளியே உதவுபவர் எதையும் இழப்பதில்லை என்பதால், எந்த முயற்சியானாலும் யாராவது ஒருவர் பழக்கத்தில் கை தூக்கிவிடுகிறார். அவர் என்ன செய்து உதவினார் என்பது கதையில் வருவதே இல்லை.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) இதற்கு நேர் எதிர். முன்கூட்டியே தம் முறையில் ஒரு செயலைச் செலவிட்டு, பிறகு எதிர்வினையையும் (பிறர் முறையின்போது செய்யக் கிடைக்கும் செயல்) கொடுத்து, தாமும் பகடை உருட்டி வென்றால்தான் தோழரின் உருட்டலில் +1 கூடும். இலக்கை 10 எண்கள் தாண்டினால் மாபெரும் வெற்றி என்றிருக்கும் ஆட்டத்தில் அது அற்பமல்ல. ஆனாலும் அத்தனை உழைப்புக்கு அது குறைவாகவே எனக்குப் படுகிறது.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் (2017) உதவியின் விலையை வெளிப்படையாக வைக்கிறது. உதவுபவர் தம் ஸ்ட்ரெஸ் கட்டங்களில் (பாத்திரம் தாங்கும் அழுத்தத்தைக் குறிப்பவை) ஒன்றை நிரப்பினால் தோழருக்குக் கூடுதலாக ஒரு பகடை. விளையும் ஆபத்தில் உதவியவருக்கும் பங்கு உண்டு. இருப்பவை ஒன்பது கட்டங்களே.

நால்வர் காவலாளியைக் கடந்து பதுங்கிச் செல்லும் காட்சியில் வேறுபாடு துலக்கமாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு சரிபாதி என்று கொள்வோம். நால்வரும் தப்பாமல் வெல்ல வேண்டுமென்றால் கிடைப்பது 6 சதவீதம் சொச்சம். பாதிப்பேர் வென்றால் போதும் என்னும் ஐந்தாம் பதிப்பின் குழு விதியில் அது ஏறத்தாழ 69. பிளேட்ஸில் நால்வரின் மிகச் சிறந்த உருட்டலே எல்லோருக்கும் பொருந்துவதால் ஏறத்தாழ 94. ஆனால் தவறிய ஒவ்வொருவருக்காகவும் தலைமை ஏற்றவர் ஒரு ஸ்ட்ரெஸ் சுமக்கிறார், சராசரியாக இரண்டு. தடுக்கி விழும் தோழரை ஒருவர் தாங்கிப் பிடித்து அழைத்துப் போவது இங்கே எண்ணாகவே மேசையில் தெரிகிறது. இதனால்தான் மூன்றில் இதையே நான் தேர்வேன்.

ஐந்தாம் பதிப்பைக் கைவிட விரும்பாதவர்கள் அதன் விதியையே முழுதாகக் கடைப்பிடிக்கலாம்: தனியாகச் செய்ய முடியாத வேலையில் ஒருவர் உதவ முடியாது என்று அது தெளிவாகச் சொல்கிறது, பூட்டுத் திறக்கும் கருவிகளில் தேர்ச்சி இல்லாதவரைத்தான் அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. அதோடு, முயற்சி தோற்றால் பொறியிலிருந்து பாயும் ஊசி உதவியவர் கையிலும் குத்தும் என்று ஆட்டத்தை நடத்துபவர் முன்பே அறிவித்துவிட்டால், அடுத்த முறை கை தூக்குபவர் யோசித்தே தூக்குவார்.