எலிசபெத்தா, ஜேனா?

"சித்தி, வந்த வரனை வேண்டாமென்று சொன்ன பெண்ணின் கதை ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டாள், கல்லூரி விடுமுறைக்கு வந்த அக்கா மகள். அலமாரியில் இரண்டு இருந்தன: 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', 1847இல் வந்த சார்லட் பிராண்ட்டியின் 'ஜேன் அயர்'. இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்டின் நாவலின் நாயகி எலிசபெத் பென்னட்டின் பேச்சழகைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடும்பச் சொத்து ஆண் வாரிசான காலின்ஸுக்குத்தான் போகும். அவளுக்கோ தாயின் காலத்துக்குப் பிறகு 1,000 பவுன் மட்டுமே. 'இன்னொரு வரன் வருவது நிச்சயமில்லை' என்று காலின்ஸ் முகத்துக்கு நேரே சொல்லியும் மறுக்கிறாள். ஆண்டுக்கு 10,000 பவுன் வருமானமுள்ள டார்சியையும் முதல்முறை மறுக்கிறாள். பெரிய துணிச்சல்தான். ஆனால் மறுத்த பிறகும் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு உண்டு, அப்பாவும் அவள் பக்கம். ஒதுங்க ஓர் இடம் வேண்டுமென்று காலின்ஸுக்குச் சம்மதம் சொன்னவள் 27 வயதுத் தோழி சார்லட்.

மறுத்த மறுநாள் வயிற்றுக்கு என்ன வழி? என் தேர்வை முடிவு செய்தது இந்தக் கேள்விதான். பிராண்ட்டியின் நாயகி ஜேன், ரோசெஸ்டர் என்பவரின் வீட்டில் ஆண்டுக்கு 30 பவுன் சம்பளம் வாங்கும் ஆசிரியை, தாய் தகப்பன் இல்லாதவள். அவளை மணக்கவிருந்த ரோசெஸ்டருக்கு மனைவி உயிரோடு இருப்பது மணமேடையில்தான் தெரியவருகிறது. தன்னோடு இருந்துவிடும்படி அவர் கெஞ்சுகிறார். அவளுக்கும் அவர்மேல் உயிர். இருந்தும் விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். கையிலிருந்த 20 ஷில்லிங் வண்டிக்கூலிக்கே சரியாகிவிடுகிறது, துணி மூட்டையையும் வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். கைக்குட்டைக்கு ஒரு ரொட்டி தருவீர்களா என்று கேட்க, கடைக்காரி மறுத்துவிடுகிறாள். ஒரு சிறுமி பன்றித் தொட்டியில் கொட்டப்போன ஆறிய கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். எத்தனை முறை படித்தாலும் அந்தக் கஞ்சி என் தொண்டையில் இறங்குவதில்லை.

அடுத்த மறுப்பு அதைவிடக் கடினம். மிஷனரியாக இந்தியாவுக்குப் புறப்படும் செயின்ட் ஜான் நல்லவர். பசியில் சாகவிருந்தவளை வீட்டுக்குள் சேர்த்தவர், உறவுக்காரர் என்றும் தெரியவருகிறது. அவளுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுக்கிறார். கடவுளின் அழைப்பு என்று சொல்லியே மனைவியாக வரச்சொல்கிறார். "தங்கையாக வருகிறேன், மனைவியாக மாட்டேன்" என்பதே ஜேனின் பதில். கெட்டவனை மறுக்க ஊரே துணை நிற்கும். நல்லவரை, நன்றிக்கடன் பட்டவரை மறுப்பவளுக்கு யார் துணை?

ஒரு குறையை மறைக்க மனமில்லை. ரோசெஸ்டரின் மனைவி, மாடியில் அடைபட்ட ஜமைக்காக்காரி பெர்த்தாவுக்குக் கதை நேரடியாக ஒரு பேச்சுகூடத் தருவதில்லை. அவள் இறந்த பிறகுதான் ரோசெஸ்டரை மணக்க ஜேனுக்கு வழி திறக்கிறது. ஆஸ்டின் நாவலில் இந்தக் கறை இல்லை.

இந்த வயதுப் பெண்களுக்கு இரண்டில் எது மனதில் ஒட்டும் என்பதை இவள் ஒருத்தியை வைத்துச் சொல்ல முடியாது. நேற்றிரவு கஞ்சி வரும் பக்கத்தில் நிறுத்தி, "அந்தக் கடைக்காரி ஒரு ரொட்டி கொடுத்தால் என்ன?" என்று கேட்டாள். காலையில் ஆஸ்டினையும் எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.