இன்ரநெற் போன பிறகுதான் லான் நைட் தொடங்கியது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு கடையின் மேல்மாடியில் கேமிங் இடம் ஒன்று நடக்கிறது. சனிக்கிழமைகளில் ‘லான் நைட்’ என்று இரவு 9 மணியிலிருந்து விடிய 5 மணிவரை, ஆளுக்கு 1500 ரூபா. லான் என்றால் ஒரே இடத்தில் இருக்கிற கொம்பியூட்டர்களை வயரால் நேரே இணைத்து ஆடுவது. நாங்கள் ஏழு பேர் போனோம். அதில் ஒருவர் நோர்வேயிலிருந்து லீவில் வந்திருக்கும் பெரியப்பாவின் மகன், அவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் வினை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 12 மெஷின், எல்லாம் 144 ஹெர்ட்ஸ் மொனிற்றர், ஒன்றுகூட இடையில் உறையவில்லை. கதிரைகள் முதுகுக்குச் சுகம். கீபோட் துடைத்து வைத்திருந்தார்கள், ஹெட்செட்டைத்தான் துடைக்கவில்லை, காதுப் பஞ்சு பிய்ந்து முந்தின ஆளின் வியர்வை மணத்தது. சொந்த ஹெட்செட் இருந்தால் கொண்டுபோங்கள்.

குறை என்னவென்றால், பெயர்தான் லான். எல்லாரும் ஆடுகிற வலொரன்ட் என்ற சுடுகிற கேமுக்கு லான் முறையே கிடையாது, கொம்பனியின் சேர்வருக்குப் போகாமல் ஓர் ஆட்டம் ஆட முடியாது. அதனால் என் பக்கத்துக் கதிரையில் இருக்கிற பெடியனைச் சுட நான் அடிக்கிற குண்டு சிங்கப்பூர் போய்த் திரும்பி வருகிறது, பிங், அதாவது போய்த் திரும்ப எடுக்கிற நேரம், 70, 80 மில்லிசெக்கன் என்று நிற்கிறது, பன்னிரண்டு பேரும் ஒரே அறைக்குள் இருந்தபடி டிஸ்கோர்ட் என்ற இன்ரநெற் ஆப்பில் கதைக்கிறார்கள். வீட்டில் இருந்தே செய்யக்கூடிய வேலைக்கு 1500 ரூபாவா?

நோர்வே அண்ணா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதையைத் தொடங்கினார். நோர்வேயில் ஈஸ்டருக்கு ஈஸ்டர் ‘த கேதரிங்’ என்று ஒன்று நடக்கும், 1992இல் தொடங்கியது. ஹாமர் என்ற ஊரில், 1994 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய, கவிழ்த்துப் போட்ட கப்பல் மாதிரியான ஐஸ் ஸ்கேட்டிங் மண்டபத்தில்தான் கூடுவார்களாம். ஆயிரக்கணக்கில் சனம் தங்கள் சொந்தக் கொம்பியூட்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, நீளமான மேசைகளில் அடுக்கி, ஐந்து நாள் அங்கேயே படுத்தெழும்பும். கேம் மட்டும் இல்லை, புரோகிராம் எழுதிப் படமும் இசையும் ஓடவிட்டுப் போட்டிக்கு விடுகிற ‘டெமோ’ ஆட்கள் தொடங்கின கூட்டம் அது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். கடைக்கார அண்ணாவும் கேட்டார், முகம் மட்டும் அவ்வளவு நல்லாயில்லை.

பதினொன்றரை போல இன்ரநெற் செத்தது. லைன் கொடுத்தவர்களுக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று நாங்கள் குசுகுசுத்துக்கொண்டிருக்க, மூலையில் இருந்த கம்பஸ் பெடியன் ஒருவன் பென் டிரைவை எடுத்தான், உள்ளே இன்ரநெற் இல்லாமலே லானில் ஆடக்கூடிய பழைய சுடுகிற கேம், கவுன்டர் ஸ்ரைக் 1.6. அது எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். சில நூறு எம்பிதான், ஒரு மெஷினில் போட்டு ஷெயார் பண்ணியதும் பத்து நிமிடத்தில் எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது. இன்ரநெற் இல்லாவிட்டால் என்ன, சுவிட்சும் வயரும் உயிரோடுதானே இருக்கின்றன. ஒருவன் தன் மெஷினிலேயே சேர்வர் போட்டான், டஸ்ட் 2 என்ற மப், பிங் 5.

அதற்குப் பிறகு ஹெட்செட்டை யாரும் காதில் போடவில்லை. “பின்னால வாறான்டா” என்ற கத்தல், எதிரணியின் ஸ்கிரீனை எட்டிப் பார்த்த களவு, அதற்கு விழுந்த பேச்சு, முன்பின் தெரியாத பெடியளோடு அணி மாற்றி அணி மாற்றி ஆடியது எல்லாம் விடியும்வரை. நோர்வே அண்ணா வேறு, நாற்பது வயதில், கேமுக்குள் கத்தியால் மூன்று பேரைக் குத்திவிட்டு எழும்பி நின்று ஆடினார். நடுவில் கேத்தில் போட்டதும் ஏசி லைன் ட்றிப் ஆனது, மெஷின்கள் வேறு லைன் என்பதால் தப்பின. ஒரு மணிக்குமேல் சாப்பாடு எதுவும் கிடைக்காது, கொத்து ரொட்டியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

காசு திருப்பிக் கேட்கவில்லை. இன்ரநெற் உள்ள சாதாரண சனிக்கிழமை என்றால் ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், அன்றைய இரவுக்கு ஐந்து. இறங்கும்போது கடைக்கார அண்ணாவிடம் கேட்டேன், அடுத்தமுறை எங்கள் மெஷின்களையே தூக்கிக்கொண்டு வரலாமா என்று.

“வாங்கோ தம்பி, மேசை இருக்கு. பிளக் பொயின்ற்தான் காணாது.”