ஷாட்கன், எம்ப்டி, டைட் எண்ட்: எட்டு வருடம் ஓட்டிப் பார்த்தவனின் அனுபவம்

மேடன் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமில் என் குவார்ட்டர்பேக் (பந்தை வீசும் ஆட்டக்காரர்) எட்டு வருடமாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி நண்பனோடு நாலைந்து மேட்ச், மறுநாள் டிவியில் நிஜ என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை லீக்). இத்தனை நாளில் ஒரு கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது: எந்த ஃபார்மேஷனில் (ஆட்கள் நிற்கும் அமைப்பில்) நின்றால் மனுஷன் விழாமல் பந்தை வீசுவார்? வண்டி வாங்கிப் பல வருடம் ஓட்டியவர்கள் ரிவ்யூ எழுதுவார்களே, அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு ஒரு கணக்கு. அணியின் பதினொரு பேரில், நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர், அவர் பக்கத்தில் இரண்டு கார்டு, ஓரங்களில் இரண்டு டேக்கிள் என்று ஐந்து பேர் எப்போதும் முன்னால் நின்று தடுப்பார்கள். குவார்ட்டர்பேக்கைக் கழித்தால் மீதி ஐந்து பேர்: ரன்னிங் பேக் (பின்னால் நின்று பந்தோடு ஓடுபவர்), டைட் எண்ட் (டேக்கிளுக்குப் பக்கத்தில் நின்று தடுக்கவும் செய்வார், பந்து பிடிக்கவும் செய்வார்), பந்து பிடிக்க ஓடும் ரிசீவர்கள். அவர்களில் யாரைக் காவலுக்கு நிறுத்துகிறோம், யாரைப் பந்து பிடிக்க ஓடவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் மாதமே நான் ஷாட்கனுக்கு மாறிவிட்டேன். குவார்ட்டர்பேக் சென்டரை ஒட்டி நிற்காமல் ஐந்து கெஜம் பின்னால் நிற்கிறார். 1960-இல் சான்பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் பயிற்சியாளர் ரெட் ஹிக்கி இறக்கிய சரக்கு இது. நடுவில் வழக்கொழிந்து, 1975-இல் டாம் லாண்ட்ரி டல்லாஸ் அணிக்காகத் தூசி தட்டி எடுத்தார். இதில் பெரிய நிம்மதி, பின்னோக்கி ஓடும் வேலை பாதியாகக் குறைவதுதான். எதிரணியைப் பார்த்தபடியே நிற்பதால், ஓரத்தில் ஒருவன் கிளம்பினாலும் கண்ணில் படும்.

குறை தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. ஷாட்கனில் நின்றாலே "வீசப் போகிறான்" என்று எதிரணிக்கு வாசனை அடித்துவிடும். சென்டரை ஒட்டி நின்று ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டினால், எதிரணியின் லைன்பேக்கர்கள் (அவர்களின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) அரை நொடி தயங்குவார்கள். அந்த அரை நொடி, கூடுதலாக ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தியதற்குச் சமம். ஆனால் பாவனை காட்டும்போது குவார்ட்டர்பேக் முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பலில் நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை.

அப்புறம் எம்ப்டி. ரன்னிங் பேக்கைக்கூட பின்னால் வைக்காமல் ஐந்து பேரையும் பரப்பி நிறுத்துவது. பார்க்க ஜோர். ஒருநாள் மூன்றாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவது), எட்டு கெஜம் வேண்டும். நான் எம்ப்டியில் நிற்கிறேன். நண்பன் என் குவார்ட்டர்பேக் மேல் பாய ஆறு பேரைக் கோட்டருகே கொண்டுவந்து நிறுத்தினான். என்னிடம் தடுக்க ஐந்து பேர். லைனை இடது பக்கம் சாய்த்தேன். வலது ஓரத்திலிருந்து கார்னர்பேக் (ஓரத்து ரிசீவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன்) யாரும் தொடாமல் வந்து சாய்த்துவிட்டுப் போனான். "மாப்ள, ஆறுல அஞ்சு போனா எவ்வளவுடா?" என்று கேட்டான் நண்பன். அந்த மிச்சம் ஒருவனுக்குக் குவார்ட்டர்பேக்தான் பொறுப்பு: அவன் காலி செய்துவிட்டு வந்த இடத்துக்கு உடனே பந்தை வீசியாக வேண்டும். எம்ப்டியில் பாதுகாப்பு என்பது ஆள் பலம் இல்லை, கை வேகம்.

இதை நிஜத்தில் அழகாகச் செய்தது 1985-இல் மியாமி டால்ஃபின்ஸ். அந்த வருடம் சிகாகோ பேர்ஸின், ஆட்களை முன்னால் குவித்துப் பாயும் ஃபார்ட்டி சிக்ஸ் டிஃபென்ஸைப் பார்த்து எல்லாரும் பயந்தார்கள். டால்ஃபின்ஸ் காவலுக்கு ஆளைக் குவிக்காமல் ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தியது. வேகமான ரிசீவரை லைன்பேக்கரோ சேஃப்டியோ (கடைசி வரிசைக் காவல்காரர்) துரத்த வேண்டிய நிலை. டால்ஃபின்ஸ் குவார்ட்டர்பேக் டான் மரினோ சட்சட்டென்று பந்தை விடுவித்தார். 38-24. பேர்ஸ் அந்த சீசனில் தோற்ற ஒரே மேட்ச் அதுதான்.

சரி, நான் எம்ப்டிக்குப் பயந்துபோய் எதிர்த்திசைக்கு ஓடினேன். டைட் எண்ட், ரன்னிங் பேக் இரண்டு பேரையும் காவலுக்கு நிறுத்தினேன். ஏழு பேர் சுவர்! டைட் எண்ட் டேக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாலே ஓரத்தில் வருபவன் ஒரு மீட்டராவது சுற்றி வர வேண்டும். அது உண்மையிலேயே நல்ல பலன். ஆனாலும் சாக் (குவார்ட்டர்பேக் பந்தோடு சாய்க்கப்படுவது) குறையவில்லை. காரணம் புரிய மாதங்கள் ஆயின. டைட் எண்டை மார்க் செய்ய வேண்டியவன், அவர் ஓடப் போவதில்லை என்று தெரிந்ததும் தானும் பாய்ந்து வந்துவிடுகிறான். இதற்கு கிரீன் டாக் என்று பெயர். நான் ஓர் ஆளைக் காவலுக்கு வைத்தால் அவனும் ஓர் ஆளை அனுப்புகிறான், எனக்கு ஓடிப் பந்து பிடிக்க ஆள் குறைகிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்று, நின்று, கடைசியில் விழுவோம்.

எந்த ஃபார்மேஷனும் செல்லாத நாளும் உண்டு. 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் (என்எஃப்எல் இறுதிப் போட்டி) கேன்சஸ் சிட்டியின் வழக்கமான டேக்கிள்கள் இருவருமே காயத்தால் இல்லை. எதிரணியான டாம்பா பே பெரும்பாலும் நாலு பேரைத்தான் அனுப்பியது. அந்த நாலு பேருக்கே கேன்சஸ் சிட்டி குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் ராத்திரி முழுக்க பின்னால் பின்னால் ஓடினார். 31-9 என்று டாம்பா பே ஜெயித்தது. ஐந்து பேர் நாலு பேரைத் தடுக்க முடியாவிட்டால் ரிசீவரை எங்கே நிறுத்தினால் என்ன?

இப்போது நான் நிரந்தரமாக வைத்திருப்பது: ஷாட்கன், ஓரத்தில் ஒரு டைட் எண்ட், பக்கத்தில் ரன்னிங் பேக். டைட் எண்ட் நேராக ஓடுவதில்லை. ஓரத்தில் வருபவனின் தோளில் ஓர் இடி இடித்துவிட்டு அப்புறம் ஓடுகிறார். தடுத்த மாதிரியும் ஆச்சு, அவரைப் பார்க்க வேண்டியவன் பாயாமலும் ஆச்சு. ரன்னிங் பேக் லைன்பேக்கர் வருகிறானா என்று பார்க்கிறார், வராவிட்டால் அவரும் ஓடிவிடுகிறார்.

போன வாரம் நண்பன் மறுபடி ஆறு பேரை நிறுத்தினான். ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைக் கொடுப்பதற்கு) முன்னால் வாய்விட்டே எண்ணினேன்: ஒன்று, இரண்டு... ஆறு. அதைக் கேட்டதும் இரண்டு பேரைப் பின்னால் இழுத்துக்கொண்டான். இனிமேல் மனசுக்குள் எண்ண வேண்டும்.