குளிர்காலப் புல் நோய்: மருந்தா, அன்னபேதியா, பனித்துளி துடைப்பா?

கோல்ஃப் மைதானத்தின் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பகுதியில், உள்ளங்கை அளவு செம்பழுப்புத் திட்டு தெரிந்ததும் பலரும் மருந்து டப்பாவைத்தான் திறக்கிறார்கள். எந்தப் பூஞ்சை என்று முதலில் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

டைஃபுலா என்றால் விவாதமே வேண்டாம். வாரக்கணக்கில் விலகாமல் கிடக்கும் பனிப்போர்வைக்கு அடியில்தான் அது புல்லைத் தின்னும். பனி உருகியபின் இலையில் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அதுதான். பனி மூடியபின் மருந்து அடிக்க வழியில்லை; மூடுவதற்கு முன் அடித்துவிட வேண்டும்.

மைக்ரோடோக்கியம் வேறு ரகம். அதற்குப் பனிப்பொழிவே தேவையில்லை. இலை நனைந்தே இருந்து, வெப்பம் 0 முதல் 16 டிகிரிக்குள் நின்றால் போதும். வழிகளுக்குள் உண்மையான போட்டி இங்கேதான்.

தொடு பூஞ்சைக்கொல்லி இலையின் மேலே நின்று காக்கும். மழை கழுவும், வெட்டும் இயந்திரம் கொண்டுபோகும். ஊடுருவும் மருந்து உள்ளே போகும் என்பது சரிதான். ஆனால் குளிரில் புல்லே அரைத்தூக்கத்தில் இருக்கும்போது அது மெதுவாகத்தான் ஏறும். நோய் நின்றாலும் திட்டை மூடப் புது இலை வராது, வசந்தம் வரை அந்த வடு அப்படியே கிடக்கும். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிவிடும். கைவசம் உள்ள மருந்துகளும் குறைகின்றன: ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இப்ரோடியோனுக்கும் 2019இல் குளோரோதலோனிலுக்கும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், மலிவான மாற்று. ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகச் சோதனைகளில், அதைப் பாஸ்பரஸ் அமிலத்தோடு சேர்த்துத் தெளித்தபோது போவா அனுவா புல்லில் நோய் நன்றாகவே அடங்கியது. அளவு கூடினால் புல் கறுக்கும், அடர்த்தி குறையும். கறுப்பைப் பார்த்து ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள், அது வேறு கதை.

காலையில் பனித்துளியைத் துடைப்பது, நிழல் தரும் கிளைகளை வெட்டுவது, இலையுதிர் காலக் கடைசியில் தழைச்சத்தை அளவோடு நிறுத்துவது ஆகியவற்றில் பெரிய வித்தை எதுவும் இல்லை. போவா அனுவா நிறைந்த கிரீனை, மழை விடாத மாதத்தில், இவை மட்டும் காப்பாற்றாது. ஆனால் நனைந்த இலையை அப்படியே விட்டுவிட்டு மேலே எதைத் தெளித்தாலும் பாதி வீண்தான்.

என்னைக் கேட்டால், மைக்ரோடோக்கியத்துக்காக ஃபேர்வேயில், அதாவது கிரீனுக்குப் போகும் வழியில் உள்ள அகலமான புல்வெளியில், மருந்தே அடிக்க மாட்டேன். கிரீனில் இலையுதிர் காலத்திலிருந்தே துடைப்பும் அன்னபேதியும். டப்பாவை, மழையும் மூடுபனியும் விடாத அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் திறப்பேன். அதுவும் திட்டு தெரிவதற்கு முன்பே.