அடித்ததா, ஊற்றியதா? பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ்: அசலும் நகலும்

தொப்பி பேட்ஜ் கைக்கு வந்ததும் எல்லோரும் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். கிரீடம் இருக்கிறதா, யானை இருக்கிறதா, ரெஜிமென்ட் பெயர் படிக்க முடிகிறதா என்று. விற்பவருக்கும் இது தெரியும், முகப்பைத்தான் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார். நீங்கள் அதைக் குப்புறப் போடுங்கள். அசலும் நகலும் பெரும்பாலும் முதுகில்தான் பிரிகின்றன.

சேலத்தில் இந்தச் சரக்கு வரும் வழிகள் சில உண்டு. முன்னாள் ராணுவத்தினர் வீட்டுப் பெட்டிகள், ஏற்காட்டில் கைமாறும் பழைய எஸ்டேட் பங்களாக்களின் தட்டுமுட்டுச் சாமான்கள், காயலான் கடை, நாணயக் கண்காட்சி, அப்புறம் ஆன்லைன். எந்த வழியில் வந்தாலும் பொருள் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். பிரிட்டனில் அந்தக் காலத்திலேயே அச்சில் அடித்தது. அந்தக் காலத்திலேயே இந்தியாவில் ஊற்றிச் செய்தது. பழைய அச்சு பிழைத்துக் கிடக்க, அதை வைத்துப் பிற்பாடு அடித்தது. அசல் ஒன்றைப் பதித்து எடுத்து நம் காலத்தில் ஊற்றியது. முதல் இரண்டும் அசல், பின் இரண்டும் நகல். முதலாவதையும் நான்காவதையும் பிரிப்பது சுலபம். இரண்டாவதையும் நான்காவதையும் பிரிப்பதில்தான் நம் ஊர் ஆட்கள் சறுக்குகிறார்கள். காரணம், வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் சொல்லும் ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்வதுதான்: ஊற்றியது என்றால் போலி.

பிரிட்டிஷ் சிப்பாய் பேட்ஜைப் பொறுத்தவரை அந்த விதி கிட்டத்தட்ட சரி. பர்மிங்ஹாம் கம்பெனிகள் மெல்லிய உலோகத் தகட்டை எஃகு அச்சில் வைத்து அடித்தன. தகடு அச்சுக்குள் இறங்குவதால் முகப்பில் மேடாக இருக்கும் இடம் முதுகில் பள்ளமாக இருக்கும். முழு வடிவத்தையும் தலைகீழாக முதுகில் படிக்கலாம். சுற்றுவட்டமும் இடையிலுள்ள துளைகளும் வெட்டு அச்சால் வெட்டப்பட்டவை. பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பு செங்குத்தாக, மெல்லிய கோடுகளோடு இருக்கும். ஊற்றிய நகலில் முதுகு ரவை தூவினாற்போல் சொரசொரவென்று இருக்கும், நுண்குழிகள் தெரியும். விளிம்பு மழுங்கியோ அரம் போட்டோ இருக்கும். துளையாக இருக்க வேண்டிய இடம் சில சமயம் அடைத்தே கிடக்கும். கையில் எடுத்தால் தேவைக்கு மேல் கனக்கும்.

இதைச் சேலத்தில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரிடம் ஒரு பேட்ஜைக் கொடுத்தால், ரெஜிமென்ட் எது, ராஜா யார் என்று எதுவும் தெரியாமலே ஒரே திருப்பலில் சொல்லிவிடுவார்: "இது அடிச்சது இல்ல தம்பி, ஊத்துனது." எனக்குத் தெரிந்து இந்த ஊரில் பேட்ஜ் சேகரிப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி இது. லென்ஸைவிட நம்பலாம்.

ஆனால் அவர் சொன்னதைக் கேட்டவுடன் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இந்திய ராணுவ பேட்ஜ்களில் நிறைய, குறிப்பாக இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், உள்ளூர்க் கைவினைஞர்கள் பித்தளையில் ஊற்றிக் கொடுத்தவை. இந்தியாவில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் பட்டாலியன்களே கன்டோன்மென்ட் கடைவீதியில் பேட்ஜ் செய்து வாங்கியதுண்டு. அந்த பேட்ஜ் ஊற்றியதுதான், அசலும்தான். பட்டறைக்காரர் எப்படிச் செய்தது என்று சொல்வார், எப்போது செய்தது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு மூன்று இடம் பார்ப்பேன். முதலாவது, காது. பேட்ஜைத் தொப்பியில் மாட்ட முதுகில் இருக்கும் வளையங்கள். பழையதில் பெரும்பாலும் செம்புக் கம்பி. நிதானமாகப் பற்றவைத்திருப்பார்கள், பற்று பரவி உலோகத்தோடு ஒன்றிப்போய் அதே பழுப்பில் இருக்கும். புதியதில் வெளிறிய ஈயப்பற்று கட்டியாக உருண்டு நிற்கும். துணியில் வருஷக்கணக்கில் உரசிய காதின் உட்பக்கம் தேய்ந்திருக்கும். மாட்டவே மாட்டாத காதில் அந்தத் தேய்மானம் இருக்காது.

இரண்டாவது, தேய்மானம் எங்கே இருக்கிறது என்பது. சிப்பாய் தினமும் பிராஸோ போட்டுத் தேய்த்தால் மேடுகள்தான் மழுங்கும்: யானையின் நெற்றி, கிரீடத்தின் உச்சி, எழுத்தின் மேல்முகம். பள்ளங்களில் கோடுகள் கூர்மையாகவே இருக்கும், பாலிஷ் காய்ந்த வெளிர்ப்பச்சைப் படிவும் அங்கே தங்கும். தேய்ந்துபோன அசலைப் பதித்து ஊற்றினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே வரும், ஆனால் பள்ளமும் மழுங்கி வரும். மேடும் பள்ளமும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் நான் வாங்க மாட்டேன். கருமையும் இப்படித்தான். அமிலத்திலோ அம்மோனியா ஆவியிலோ கறுக்கவைத்தால் முகம், முதுகு, பள்ளம் எல்லாம் ஒரே நிறத்தில் கறுக்கும். காலம் அப்படிச் சீராகக் கறுக்காது.

மூன்றாவது, அளவு. உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவில் சுருங்கும். 50 மில்லிமீட்டர் அசலைப் பதித்து ஊற்றிய நகல் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்து வரும். நகலின் நகல் என்றால் இன்னும் குறையும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும். ஆனால் பக்கத்தில் வைத்து அளக்க ஒரு நம்பகமான பேட்ஜ் வேண்டும். அதனால்தான் முதல் பேட்ஜை நல்ல இடத்தில், கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள் என்கிறேன். அப்புறம் வாங்குவதற்கெல்லாம் அதுதான் அளவுகோல்.

முதலில் சொன்ன நான்கு வகையில் மூன்றாவதுதான் உண்மையில் தொல்லை. பழைய அச்சிலேயே பிற்பாடு அடித்தது என்பதால் முதுகில் பள்ளம் இருக்கும், விளிம்பு வெட்டாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். பட்டறைக்காரரும் "அடிச்சதுதான்" என்பார். கான்ட் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பாளரின் முத்திரை இருந்தால் அசல் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், அந்தப் பெயர் பொறித்த பிற்கால அடிப்புகள் தாராளமாகப் புழங்குகின்றன. இவற்றில் என் கண் போவது பழைய அச்சு காட்டும் களைப்பின் மேல்: சிங்கத்தின் பிடரி, இறகின் நரம்பு போன்ற நுண்கோடுகள் மங்கியிருக்கும், ஆனால் மேடுகளில் பாலிஷ் போட்ட தேய்மானமே இருக்காது. உபயோகிக்காத பேட்ஜில் கோடு ஏன் மங்க வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

சில போலிகளுக்கு லென்ஸ்கூட வேண்டாம், காலக்கணக்கு போதும். பேட்ஜின் கிரீடம் ஆட்சியில் இருப்பவரைப் பொறுத்து மாறும். விக்டோரியா ராணி 1901இல் இறந்தார், அதோடு அவர் காலத்துக் கிரீடம் போனது. 1901 முதல் 1950களின் தொடக்கம் வரை உள்ள பேட்ஜ்களில் வளைவு மேலே உருண்டு நிற்கும் ராஜா கிரீடம். எலிசபெத் 1952இல் பட்டத்துக்கு வந்த பிறகு நடுவில் குழிந்த ராணி கிரீடம். தொப்பி மடிப்பில் செருகும் நீண்ட பட்டை, ஸ்லைடர் என்பார்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. ஆகவே விக்டோரியா கிரீடமும் ஸ்லைடரும் ஒரே பேட்ஜில் சந்தித்தால் யாரோ தவறாக இணைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். தங்கம்போல் மின்னும், கையில் எடையே தெரியாத அலுமினிய பேட்ஜ் 1950களில் பரவியது. அதை முதல் உலகப் போர் என்று விற்றால் சிரித்துவிட்டு நகரலாம். இந்திய பேட்ஜ் என்றால் 1950 ஜனவரி 26 ஒரு கோடு. அதன் பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது.

நேர்மாறாக, போலி என்று ஒதுக்கப்படும் அசல்களும் உண்டு. இரண்டு உலோகத்தில் வர வேண்டிய பேட்ஜ் முழுக்கப் பித்தளையில் இருந்தால் 1916இல் சிக்கனத்துக்காகச் செய்ததாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது 1942இலிருந்து பிளாஸ்டிக்கிலேயே பேட்ஜ் செய்தார்கள். பொம்மை என்று நினைத்துக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள், பாவம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் பேட்ஜுக்குத் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே அதிகம் கேட்கப்படுவது அதுதான். கேடயத்தின் மேல் அசாயே போரின் நினைவான யானை, குறுக்கே இரண்டு வாள். ரெஜிமென்டின் வேர் 1758, அசாயே போர் 1803. இந்த இரண்டு வருஷத்தையும் விற்பவர் பேட்ஜின் வயதாகச் சொல்லிவிடுவார். குன்னூர் வெலிங்டனில் இருக்கும் அதன் மையத்தில் இன்றும் பயிற்சி நடக்கிறது, இன்றும் வீரர்கள் அந்த யானையை அணிகிறார்கள். போன வருஷம் செய்த பேட்ஜ்கூட முறையான அசல்தான், பழையது இல்லை, அவ்வளவே. எஸ்டேட் கதைகளிலும் இதே எச்சரிக்கை. தோட்டத் துரைமார்கள் சேர்ந்திருந்த சதர்ன் ப்ராவின்சஸ் மௌண்டட் ரைஃபிள்ஸ் போன்ற துணைப்படைகளின் பேட்ஜ்கள் குறைவு, அதனால் கிராக்கி. "ஏற்காடு பங்களா பீரோவில் கிடைத்தது" என்ற கதைக்கு மட்டும் பத்து பைசா தராதீர்கள். பங்களா நிஜமாக இருக்கும், பீரோவும் நிஜமாக இருக்கும், பேட்ஜ் மட்டும் நகல் செய்யும் பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வந்திருக்கும்.

எதை வாங்கலாம் என்றால், என் தேர்வு உள்ளூரில் ஊற்றிய பழையது. வெளிநாட்டு சந்தை அதை இன்னும் பாதிச் சந்தேகத்தோடே பார்க்கிறது, விலையும் ஓரளவு அடங்கியிருக்கிறது, நம்மிடம் பட்டறைக் கண் இருக்கிறது. அடித்த பிரிட்டிஷ் அசல் அழகுதான், ஆனால் பிற்கால அடிப்போடு குழம்பும் அபாயம் முழுக்க அதில்தான். பிற்கால அடிப்பை அப்படிச் சொல்லியே விற்றால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத் தாராளமாக வாங்கலாம். புதிதாக ஊற்றிய நகலுக்குப் பித்தளை விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

திரும்ப விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. முதல் உலகப் போர் பேட்ஜ்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. தொல்பொருள் அல்லாததற்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று வாங்கலாம். ஆக, கடல் தாண்டிப் போகக் காகிதம் கிடைப்பது நகலுக்கும் நூறு வயது ஆகாத அசலுக்கும்தான்.